‘செட்’ சீட்டுகளின் பின்பக்கம்

லட்லோ,
3 மார்ச் 1908

அன்புள்ள மிஸ் ட்ரான்டர்,

நம் அகராதியில் ‘செட்’ என்ற சொல்லுக்கான தங்கள் பதினான்காவது கட்டு நேற்று வந்து சேர்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள், சீட்டுக்கு ஒரு மேற்கோள். உதவி ஆசிரியர் டாட்வெல் எண்ணினார். பிறகு நானும் எண்ணினேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லைத் தங்களிடம் ஒப்படைத்தபோது, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துதானே, ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைத் தாங்கள் தொலைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்றைய நிலவரப்படி பொருள்கள் நூற்று இருபத்தாறு. சூரியன் மறைவதற்கும் இதே சொல். ஜெல்லி உறைவதற்கும் இதே சொல். முறிந்த எலும்பைச் சேர்ப்பது, எலிப்பொறி வைப்பது, சாப்பாட்டு மேஜை போடுவது, ஆள்மேல் நாயை ஏவுவது எல்லாம் இதுவே. வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு வேலையை இவ்வளவு குறைந்த எழுத்தில் செய்வதில்லை.

செப்டம்பரில் ‘எஸ்’ எழுத்து அச்சுக்குப் போகிறது. ஒரு குறை. ‘அவுட்’ சேர்த்துவரும் 118ஆம் பொருள், அதாவது ‘புறப்படுதல்’, இரண்டே மேற்கோள்களோடு நிற்கிறது. பிந்தியது 1839. மூன்று மேற்கோள் வேண்டும், ஒன்றாவது நம் காலத்தது வேண்டும் என்பது விதி. எழுபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் யாருமே எங்கும் புறப்படவில்லையா?

மற்றொன்று. தங்களுக்கு லண்டனில் தெரிந்தவர்கள் உண்டா? சும்மா கேட்டேன்.

உண்மையுள்ள,
செப்டிமஸ் காரோபி,
ஆசிரியர்


விட்பி,
7 மார்ச் 1908

அன்புள்ள திரு. காரோபி,

லண்டனில் எனக்குத் தெரிந்தவர் என் சித்தி ஒருத்திதான். ஹைகேட் கல்லறையில் இருக்கிறாள். சும்மா பதில் சொன்னேன்.

118க்கு மூன்றாவது மேற்கோள் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் யாரும் எங்கும் புறப்படுவதில்லை. மீனவர்கள் ‘போறோம்’ என்கிறார்கள். என் அண்ணன் ஹோரஸ் நோயாளியைப் பார்க்கக் கிளம்பும்போது எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்துகிறார்.

சென்ற அக்டோபரில் நான் அனுப்பிய 41ஆம் பொருள் என்ன ஆயிற்று? கோழியை முட்டைமேல் அடை வைப்பது. ஆறு சீட்டுகள். தங்கள் ஒப்புதல் பட்டியலில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருகிறது. எங்கள் சமையற்காரி மிஸஸ் கெட்டிலிடம் சொன்னேன்.

“கோழிய விட்டுட்டாங்களா? அப்போ அந்த ஆபீஸ்ல யாரும் முட்டையே சாப்பிடறதில்லையாம்மா?”

“சாப்பிடுவாங்க. அச்சுல போடக் கூச்சப்படறாங்க போல.”

“நல்லா இருக்கு. சூரியனுக்கு எடம் இருக்கு, கோழிக்கு எடம் இல்ல.”

தாங்கள் 41க்குப் பதிலாக ‘அமர்த்துதல்’ என்ற இணைச்சொல் போதும் என்று நினைத்திருக்கலாம். கோழியை யாரும் அமர்த்துவதில்லை. அமர்த்தினால் எழுந்து போய்விடும்.

இன்னொன்றும் கவனித்தேன். பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் கடிதங்கள் ‘என்றும் தங்கள் நண்பன்’ என்று முடியும். இந்தக் கடிதம் ‘உண்மையுள்ள’ என்று முடிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சாதாரண மனிதர்கள் சொல்வார்கள். நாம் இருவரும் அந்த வகையில் சாதாரண மனிதர்கள் அல்ல.

என்றும் தங்கள் தோழி,
யூஃபீமியா ட்ரான்டர்


லட்லோ,
12 மார்ச் 1908

அன்புள்ள மிஸ் ட்ரான்டர்,

கோழி விஷயம் ஆசிரியர் குழுவின் முடிவு. குழுவில் இரண்டு பாதிரிமார் இருக்கிறார்கள்.

தங்களிடம் இன்னும் இருக்கும் ‘செட்’ சீட்டுகள் அனைத்தையும் உடனே இங்கே அனுப்பிவைக்க வேண்டுகிறேன். பிரதி கிடையாது என்பதால் தீ விபத்து பற்றிக் கவலையாக இருக்கிறது. தங்கள் வேலைப்பளுவைக் குறைக்கும் எண்ணமும் உண்டு. தங்களைப் போலவே நமக்குச் சீட்டு எழுதும் இளைஞர் பில்பீம் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். ‘செட்டில்’ என்ற சொல்லை நான்கே மாதத்தில் முடித்தவர். அவருக்குப் பழக்கமான வட்டாரம்.

இத்துடன் ஐந்நூறு வெற்றுச் சீட்டுகள் அனுப்புகிறேன். வழக்கம்போல அலுவலகப் பழைய தாள்களில் வெட்டியவை. ஒரு பக்கம் மட்டுமே பயன்படும். (இந்தக் கட்டு பில்பீமுக்குப் போக வேண்டியதோ என்று இப்போது டாட்வெல் கேட்கிறார். பாதகமில்லை.)

உண்மையுள்ள,
செ. காரோபி


விட்பி,
16 மார்ச் 1908

திரு. காரோபி அவர்களுக்கு,

தீ விபத்து. என் சீட்டுகள் கல் வீட்டில், இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. தங்கள் அலுவலகம் மரக்கொட்டகை. நடுவில் அடுப்பு. அடுப்பருகே டாட்வெல் புகைபிடிக்கிறார். தீயிலிருந்து காப்பதற்காக எதை எங்கே அனுப்புவது என்று சற்று யோசித்துப் பார்க்கலாம்.

தாங்கள் அனுப்பிய ஐந்நூறு வெற்றுச் சீட்டுகளில் பதினேழின் பின்பக்கம் தங்கள் கையெழுத்து இருக்கிறது. ஏதோ ஒரு கடிதத்தின் வரைவு. குழுவுக்கு எழுதியது என்று தெரிகிறது. கீழே தருகிறேன்:

‘…மிஸ் ட்ரான்டரின் நேர்மை குறித்து மிகுந்த…’

‘…சொல்லை அவரிடமிருந்து பிடுங்கி’ (‘பிடுங்கி’ அடிக்கப்பட்டு ‘மீட்டு’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. பிறகு ‘மீட்டு’ம் அடிக்கப்பட்டு ‘பெற்று’) ‘பில்பீமிடம் ஒப்படைக்க…’

‘…முன்னுரையில் அவர் பெயர் இடம்பெறுவது…’

பிடுங்கி, மீட்டு, பெற்று. மூன்றும் இணைச்சொற்கள் என்று போடலாம்தான். நிகழ்வது ஒன்றே.

ஐயா, நான் இந்தச் சொல்லோடு பதினோரு ஆண்டு இருந்திருக்கிறேன். இது உறைந்ததையும் மறைந்ததையும் முளைத்ததையும் பார்த்திருக்கிறேன். இதை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது அண்ணன் வீட்டு மாடியறையும் மிஸஸ் கெட்டிலின் சூப்பும்தான். அதனால் நேரடியாகக் கேட்கிறேன். நான் என்ன செய்தேன்?

யூ. ட்ரான்டர்


லட்லோ,
19 மார்ச் 1908

மிஸ் ட்ரான்டர்,

சீட்டின் பின்பக்கத்தைப் படிப்பது நாகரிகமல்ல. அகராதிப் பணியின் எழுதப்படாத முதல் விதி அது. தங்கள் சீட்டுகள் பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் வீட்டுப் பழைய தாள்களில்தான் வருகின்றன. தங்கள் அண்ணனின் நோயாளியான துறைமுக அதிகாரியின் வாயுத் தொல்லை பற்றியோ, மாதாகோவில் விழாவில் ஜாம் பரிசு யாருக்கு என்று நடந்த தகராறு பற்றியோ (பரிசு தங்களுக்கு நியாயமாகவே கிடைத்தது) நான் என்றாவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா?

ஆனால் இந்த முறை கண்ணில் பட்டது. பட்டது என்பதே சரியான சொல்.

தங்கள் பதினான்காவது கட்டில் பதினெட்டுச் சீட்டுகள் மற்றவை போல இல்லை. கனத்த தாள், ஊதா மை. ஊதா மையில் எழுதுபவர் இந்த நாட்டு அகராதி உலகில் ஒருவர்தான்: லண்டன் பேராசிரியர் பெவரெல். நமக்குப் போட்டியாக அகராதி தொடங்கியிருப்பவர். நம் சொற்களை அவர் எப்படி அறிகிறார் என்று குழுவில் மூன்று ஆண்டுகளாகக் கேள்வி உண்டு.

டாட்வெல்லும் நானும் மேஜைமேல் துண்டுகளை அடுக்கிப் பார்த்தோம். எட்டுத் தாள்களில் எழுதிய கடிதம். ஒவ்வொரு தாளும் நெடுக்காக மூன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. மொத்தம் இருபத்து நான்கு. ஆறு இல்லை. அந்த ஆறும் நடுத்துண்டுகள். ஆகவே பல வரிகளுக்குத் தலையும் வாலும் இருக்கின்றன, வயிறு இல்லை. இருப்பதைத் தருகிறேன்:

‘காரோபிக்குத் தெரியாமல் … நீங்கள் செய்துவரும் வேலை.’

‘உங்கள் சொற்கட்டு முழுவதையும் … சம்மதித்தது …’

‘மிக்க மகிழ்ச்சி … லண்டனில் சந்திப்போம்.’

டாட்வெல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வித்துட்டாங்க சார்.”

“அவசரப்படாதீங்க, டாட்வெல். நடுவுல என்ன இருக்குன்னு தெரியாது.”

“நடுவுல என்ன இருந்தா என்ன சார்? ‘தெரியாமல்’னு ஆரம்பிச்சு ‘சந்திப்போம்’னு முடியற கடிதம் நல்ல கடிதமா இருந்து நான் பாத்ததில்ல.”

பதினெட்டில் ஒன்றின் முன்பக்கம் தங்கள் கையெழுத்தில் 63ஆம் பொருள்: ‘பொறி வைத்தல்’. அதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

துரோகம் என்று எழுத மாட்டேன். அதற்கு அருகில் நிற்கும் சொற்கள் பதினொன்று என்னிடம் உள்ளன. எதையும் இன்னும் தேர்வு செய்யவில்லை. மார்ச் 31 அன்று குழு கூடுகிறது. அதற்குள் தாங்கள் விளக்கம் தராவிட்டால் சொல் பில்பீமிடம் போகும். முன்னுரையில் தங்கள் பெயர் இராது.

செ. காரோபி


விட்பி,
22 மார்ச் 1908

ஐயா,

விளக்கம் சிறியது.

பேராசிரியர் பெவரெல் சென்ற ஜூலையிலும் ஆகஸ்டிலும் எனக்குக் கடிதம் எழுதினார். நான் பதில் எழுதவில்லை. செப்டம்பரில் மூன்றாவது கடிதம் வந்தது. எட்டுத் தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதியது. மற்ற பக்கம் பால் போல வெள்ளை. நல்ல கனமான தாள், மை ஊறாது. ஹோரஸின் மருந்துக்கடை ரசீதுகளில் எழுதி எழுதி என் எழுத்தெல்லாம் மழையில் நனைந்தது போல் இருக்கும் என்று தாங்களே குறைபட்டிருக்கிறீர்கள். மிஸஸ் கெட்டில் தபாலைக் கொண்டுவந்து நின்றாள்.

“பதில் வாங்கிட்டுப் போகணுமான்னு தபால்காரர் கேக்கறாரு.”

“அந்தக் கத்தரிக்கோல எடு.”

“இது யாருக்கும்மா பதில்?”

“ரெண்டு பேருக்கும்.”

கடிதத்தை இருபத்து நான்கு சீட்டுகளாக வெட்டினேன். அதாவது, லண்டன்காரரின் தாளில் லட்லோவுக்கு வேலை செய்தேன். இதைவிடத் தெளிவான பதிலை எனக்கு எழுதத் தெரியாது. ஒளிக்க நினைத்திருந்தால் எரித்திருப்பேன். தங்களுக்கே அனுப்பியிருக்க மாட்டேன். இது கடந்த மூன்று வாரத்தில் தங்களுக்குத் தோன்றாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி அந்த ஆறு நடுத்துண்டுகள். அவற்றைத் தங்களுக்கு அக்டோபரிலேயே அனுப்பிவிட்டேன். அவைதான் கோழிச் சீட்டுகள். 41ஆம் பொருள். முன்பக்கம் கோழி இருந்ததால் பாதிரிமார் பின்பக்கம் வரை போகவில்லை. தங்களுக்கு வேண்டிய சான்றைத் தாங்களே தள்ளிவிட்டீர்கள்.

என்னிடம் பிரதி இல்லை. கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். புகழ்ச்சியை இருமுறை படிக்கும் பழக்கம் இல்லை. தள்ளுபடிச் சீட்டுகளைத் தங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் போயிருந்தால் என் பதினோரு ஆண்டும் அதோடு போயிற்று. தேடிப் பாருங்கள்.

யூ. ட்ரான்டர்


லட்லோ,
27 மார்ச் 1908

அன்புள்ள மிஸ் ட்ரான்டர்,

தள்ளுபடிச் சீட்டுகளை நாங்கள் எரிப்பதில்லை. அவை என் மனைவியிடம் போகின்றன. அவள் அவற்றை ஜாம் பாட்டில்களின் வாய்க்கு மூடித் தாளாகக் கட்டுகிறாள். இது இருபது ஆண்டு வழக்கம். எங்கள் வீட்டில் காலை உணவு வேளையில் யார் வேண்டுமானாலும் ஆங்கில மொழியின் கைவிடப்பட்ட பகுதிகளைப் பற்றி விரிவாகப் பேச முடியும்.

தங்கள் கடிதத்தோடு சரக்கறைக்குப் போனேன். மனைவி கதவை மறித்தாள்.

“ஜாமெல்லாம் இப்பத் தெறக்கக் கூடாது. பூஞ்சை புடிச்சிடும்.”

“ஒரு பெண்ணோட மானம் இதுல இருக்கு.”

“யாரோட மானம்? எந்த ஜாம்ல?”

“அக்டோபர் ஆப்பிள்ல.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். அது முதல் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. விட்பியில் யார் என்று மட்டும் இருமுறை கேட்டாள்.

மேல் தட்டில் ஐந்து பாட்டில்கள். ஐந்தின் மூடியிலும் கோழி. நூலை அவிழ்த்துத் தாளைத் திருப்பினோம். ஊதா மை. ஆப்பிள் பிசுக்கைத் துடைத்து நடுவில் வைத்தபோது வரிகள் இப்படி நிறைந்தன:

‘காரோபிக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருடைய அகராதியைத் தாங்கி நிற்பது நீங்கள் செய்துவரும் வேலை.’

இந்த வரியை டாட்வெல் இருமுறை உரக்கப் படித்தார். ஒருமுறை போதும் என்றேன்.

‘மிக்க மகிழ்ச்சி அடைந்திருப்பேன், இரண்டு கடிதங்களில் ஒன்றுக்காவது பதில் வந்திருந்தால். இனி தொந்தரவு செய்ய மாட்டேன். மனம் மாறினால், உங்களுக்கான இடம் காலியாகவே இருக்கும்; லண்டனில் சந்திப்போம்.’

ஆக, தாங்கள் பதில் எழுதவில்லை என்பது எதிரியின் கையாலேயே உறுதியாகிறது. குழுவுக்கு எழுதிவிட்டேன். சொல் தங்களிடமே இருக்கும். முன்னுரையில் பெயர் இருக்கும்.

தங்களிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். ‘வருந்துகிறேன்’ என்பது வானிலைக்கும் பொருந்தும். ‘மன்னிக்கவும்’ என்பது காலை மிதித்தவன் சொல்வது. ‘பிழை பொறுக்க’ என்பது அச்சுப் பிழைக்கு. இவற்றுக்கு நடுவில் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது. நான் அங்கே நிற்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது பாட்டிலை என் மனைவி கிறிஸ்துமஸுக்குப் பில்பீமுக்குக் கொடுத்திருக்கிறாள். இன்று கேட்டனுப்பினேன். பாட்டில் கழுவித் திரும்பி வந்தது. மூடி வரவில்லை. ‘சம்மதித்தது’ என்ற வரியின் வயிறு அதில்தான் இருக்கிறது. பில்பீம் ஏன் அதை வைத்துக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியில் என்ன இருந்தது என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

என்றும் தங்கள் நண்பன்,
செப்டிமஸ் காரோபி


விட்பி,
4 ஏப்ரல் 1908

அன்புள்ள திரு. காரோபி,

இடைவெளியில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. அங்கே குளிர் அதிகம், கழுத்துத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இத்துடன் என்னிடம் இருந்த ‘செட்’ சீட்டுகள் அனைத்தையும் அனுப்புகிறேன். அறுநூற்று எண்பத்தெட்டு. தாங்கள் முதலில் கேட்டது இதைத்தானே. ஒரு ரீம் புது வெள்ளைத் தாள் வாங்கி, ஒன்று விடாமல் மறுபடி எழுதினேன். ஆறு நாள் ஆயிற்று. எந்தச் சீட்டின் பின்பக்கமும் எதுவும் இல்லை. ஹோரஸின் நோயாளிகளும் இனி நிம்மதியாக இருக்கலாம்.

மிஸஸ் கெட்டில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“புதுத் தாள்ல எழுதறது அவங்க நம்பறதுக்கா, நீங்க நம்பறதுக்காம்மா?”

“சூப்பப் போய்ப் பாரு.”

“சூப்பு ஓடிடாது. நீங்க பதில் சொல்லுங்க.”

நான் அடுத்த சீட்டை எடுத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 41ஆம் பொருளைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். என் பெயரைக் காப்பாற்றிய கோழி அது. பில்பீமிடம் இருக்கும் துண்டில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. தாங்கள் இதை நம்புவீர்கள் என்று நம்புகிறேன். அது ஒன்று மட்டும் போதும்.

என்றும் தங்கள் தோழி,
யூஃபீமியா ட்ரான்டர்


லட்லோ,
10 ஏப்ரல் 1908

அன்புள்ள மிஸ் ட்ரான்டர்,

கட்டு கிடைத்தது. அறுநூற்று எண்பத்தெட்டு. சரி.

கோழி திரும்பச் சேர்க்கப்பட்டது. ஒரு பாதிரியார் எதிர்த்தார். மற்றவர் தாமே கோழி வளர்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

‘செட்’ இப்போது ஏறக்குறைய நிறைவு. 118ஆம் பொருளுக்கு மூன்றாவது மேற்கோள் ஒன்றுதான் குறை. அதை மட்டும் அனுப்பிவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

சீட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்தோம். டாட்வெல் ஒருமுறை, நான் இருமுறை. சொன்னபடியே எதுவும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததிலும் எதுவும் இல்லை. இது எங்களைச் சற்று யோசிக்க வைத்தது. பதினோரு ஆண்டுகளாக எந்தத் தாளிலும் எழுதியவர் திடீரென்று புதுத் தாள் வாங்குவானேன்? பழைய சீட்டுகள் இப்போது எங்கே? அவற்றின் பின்பக்கத்தில் இருந்தவை என்ன?

“ஒண்ணுமே இல்லாத பக்கம்தான் சார் பயமா இருக்கு” என்கிறார் டாட்வெல். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனாலும் பழைய சீட்டுகளை, முடிந்தால், அனுப்பிவையுங்கள். பில்பீமிடம் உள்ள துண்டைப் பற்றி ஏதாவது ஞாபகம் வந்தாலும் எழுதுங்கள்.

என்றும் தங்கள் உண்மையுள்ள நண்பன்,
செ. காரோபி


[விட்பி தபால் முத்திரையுடன், 15 ஏப்ரல் 1908 அன்று லட்லோவுக்கு வந்த ஒற்றைச் சீட்டு. புது வெள்ளைத் தாள். பின்பக்கம் எதுவும் இல்லை.]

செட் (அவுட்)
118. புறப்படுதல்.
1908, ஏப்ரல் 13. யூ. ட்ரான்டர், பேராசிரியர் பெவரெலுக்கு எழுதிய கடிதம், பக்கம் 1:
“சீட்டுகள் எல்லாம் காரோபியிடம் இருக்கின்றன, அவை அவருடையவை, ஒன்றையும் கொண்டுவர மாட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால், வெறுங்கையோடு அடுத்த புதன்கிழமை காலை லண்டனுக்குப் புறப்படுகிறேன்.”